பிள்ளை அறையை விட்டு வரவில்லையா? முதலில் நீங்கள் கிளம்புங்கள்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது போக, சில வருடங்களாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. அப்பாவோ அம்மாவோ தனியாக வருவார்கள். கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, ராத்திரி பத்து மணிக்கு மேல நெட்டு வராத மாதிரி பண்ணித் தர முடியுமா?" என்று கேட்பார்கள். பையன் காலேஜை விட்டு நின்றுவிட்டான், ரூமுக்குள்ளேயே கிடக்கிறான், சோறுகூட உள்ளேதான், எல்லாம் இந்தப் போனால் வந்த வினை. நானும் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு ரௌட்டரில் நேரக் கட்டுப்பாடு போட்டுக் கொடுப்பேன்.

என் அக்கா மகனே அப்படி அறைக்குள் முடங்கியபோது முதல் நாளே அதைத்தான் செய்தேன். நெட் நின்றது. அவன் வெளியே வரவில்லை. இருட்டில் சும்மா படுத்துக் கிடந்தான். அதுவரை விளையாட்டுக்குள்ளேயாவது இரண்டு சிநேகிதர்களோடு பேசிக்கொண்டிருந்தான், அதுவும் போயிற்று. இது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது.

ஒன்றரை வருடம் அந்த வீட்டோடு சேர்ந்து அலைந்ததில் தெரிந்துகொண்டதை, இப்போதுதான் இதற்குள் வந்து திகைத்து நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, தாய்மாமன். நாங்கள் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன், அவைதான் அதிகம். "அவன்" என்று எழுதுவதெல்லாம் பெண்பிள்ளைக்கும் பொருந்தும். பெண்பிள்ளை விஷயத்தில் தனியாகச் சொல்லவும் ஒன்று இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இது என்ன என்று முதலில் பாருங்கள்

வயசுப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொள்வது புதிதில்லை. தனியாக இருக்கப் பிடித்தவர்களும் உண்டு, அது நோய் கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது, முன்பு இருந்த பிள்ளை எவ்வளவு மாறியிருக்கிறான் என்பதை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடப் போனவன் போவதில்லையா? சிநேகிதன் போன் அடித்தால் எடுப்பதில்லையா? வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் சாப்பிட வருகிறானா? உறவுக்காரர் வண்டிச் சத்தம் கேட்டதும் தாழ்ப்பாள் விழுகிறதா? குளிப்பது, முடி வெட்டுவது நின்று எத்தனை நாள்? பகல் இரவாகி இரவு பகலாகிவிட்டதா?

ஜப்பானில் இதற்கு 1990-களிலிருந்தே ஒரு பெயர் புழங்குகிறது: ஹிக்கிகோமோரி. படிப்பு, வேலை, வெளிப்பழக்கம் எல்லாவற்றையும் விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருப்பதை அப்படிச் சொல்கிறார்கள். 2022-இல் அந்த நாட்டு அரசு நடத்திய கணக்கெடுப்பின்படி, 15 முதல் 64 வயது வரை சுமார் 14.6 லட்சம் பேர் அப்படி இருக்கிறார்கள். 64 வயது வரை என்பதைக் கவனியுங்கள். "வயசானா தானா சரியாயிடும்" என்று காத்திருந்த வீடுகள் அங்கேயும் இருந்திருக்கும்.

ஆறு மாதம் என்பது பெயர் வைப்பதற்கான கணக்குத்தான். உதவி தேட அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தாலே மருத்துவர்கள் மனச்சோர்வாக இருக்குமோ என்று பார்ப்பார்கள்.

ஏன் வந்தது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். கடைக்கு "போன் ஆன் ஆகலை" என்று கொண்டுவருவார்கள். பேட்டரியா, டிஸ்பிளேயா, போர்டா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். அறைக்குள் முடங்குவதும் அப்படித்தான். மனச்சோர்வாக இருக்கலாம். நாலு பேர் முன்னால் போக உடம்பெல்லாம் நடுங்கும் பயமாக இருக்கலாம். கஞ்சாவோ குடியோ இருக்கலாம். காலேஜில் யாரோ செய்த கேலியாக, சாதியைச் சொல்லிச் செய்த அவமானமாக, உடம்பில் கைவைத்த கொடுமையாக இருக்கலாம். தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்று தொடங்கும் மனச்சிதைவுகூட பெரும்பாலும் இந்த வயதில்தான் தலைகாட்டும். விளையாட்டு அடிமைத்தனம் என்று தனியாக ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் அது 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் போனில் கிடக்கிற எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் நோய் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு எதிலிருந்தோ ஒளிந்துகொள்ளப் போனுக்குள் போனவர்களும் நிறைய.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு காரணம் உண்டு: வெட்கம். அக்கா வீடு மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு கிராமம். "அள்ளி"யில் முடியும் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே பாதி ஊர் அப்படித்தான். பதினொன்றும் பன்னிரண்டும் அவனை ஹாஸ்டலோடு கூடிய ஒரு பள்ளியில் போட்டார்கள். பிராய்லர் பள்ளி என்று நாம் கேலியாகச் சொல்வோமே, அந்த வகை. நல்ல மார்க். ஊர் முனையில் அவன் முகம் போட்ட ஃப்ளெக்ஸ் நின்றது. அப்புறம் சென்னைப் பக்கம் இன்ஜினியரிங். அங்கே பாடம் புரியவில்லை, வகுப்பில் எழுந்து கேட்க வாய் வரவில்லை, ஏழு அரியர். பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அந்த ஃப்ளெக்ஸ் அதற்குள் கழற்றப்பட்டுப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகியிருந்தது. அவன் ஜன்னலைத் திறந்தால் அவன் முகமே தெரியும். ஒரு வருடமாக அந்த ஜன்னல் ஏன் சாத்தியிருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உங்கள் வீட்டில் ஃப்ளெக்ஸ் இருக்காது. வேறு ஏதாவது இருக்கும். ஓசூர் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து அனுப்பிவிட்டார்கள் என்பதை வெளியே சொல்ல முடியாமல் இருக்கலாம். டி.என்.பி.எஸ்.சி. மூன்றாம் தடவையும் போயிருக்கலாம். "இப்ப என்ன பண்ற?" என்று காதுகுத்து வீட்டில் கேட்கும் ஒற்றைக் கேள்விக்குப் பயந்தே ஒரு பிள்ளை ஒரு வருடம் வெளியே வராமல் இருப்பான்.

பெண்பிள்ளை விஷயம் இதுதான்: அவள் ஒடுங்கிக் கிடந்தால் யாருக்கும் கண்ணில் படாது. வாசலுக்கு வராத பெண்ணை "அடக்கமான புள்ள" என்று பாராட்டுவார்கள். படிப்பை விட்டாள், பேச்சை விட்டாள், சிநேகிதிகளை விட்டாள் என்று ஒவ்வொன்றாக நடக்கும். கடைசியில் "ஒரு கல்யாணத்தைப் பண்ணிட்டா சரியாயிடும்" என்று மாப்பிள்ளை தேடுவார்கள். கல்யாணம் எந்த மனநோய்க்கும் மருந்தில்லை. பதினெட்டு ஆகாத பெண் என்றால் அது சட்டப்படி குற்றமும்கூட. திடீரென்று ஒடுங்கிய பெண்பிள்ளையிடம், யாராவது தொந்தரவு செய்தார்களா என்று அவள் நம்பும் ஒரு பெண் மெதுவாகக் கேட்கட்டும். பதினெட்டுக்குக் கீழ் என்றால் 1098, பெண்களுக்கு 181. இரண்டும் எந்நேரமும் எடுக்கும் எண்கள்.

இன்றைக்கே ஓட வேண்டிய நிலையா?

மற்றதெல்லாம் மெதுவாகச் செய்யலாம், இது மட்டும் முடியாது. செத்துப்போவதைப் பற்றிப் பேசுகிறான், எழுதுகிறான், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிறான், பிடித்த பொருளை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுகிறான், இல்லாத குரலோடு பேசுகிறான், தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, அடிக்க வருகிறான். இதில் ஒன்று இருந்தாலும் நல்ல நாள் பார்க்காதீர்கள். அவனைத் தனியாக விடாமல், 108-ஐக் கூப்பிட்டோ வண்டி பிடித்தோ பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சந்தேகம் மட்டும்தான் என்றால் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று பயப்படுவோம். அப்படி ஆவதில்லை, கேட்டதே பெரிய ஆறுதல் என்று பின்னால் சொல்கிறவர்கள் அதிகம். கேட்டுவிட்டுத் திட்டாமல் உட்கார்ந்திருங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. நம் வீடுகள் விவசாய வீடுகள். தக்காளிக்கு அடிக்கும் மருந்து திண்ணையிலும் கட்டிலுக்கடியிலும் கிடக்கும். அறைக்குள் ஒரு பிள்ளை முடங்கியிருக்கும் வீட்டில் பூச்சிமருந்தும் எலிமருந்தும் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. வேறு வீட்டில் பூட்டி வையுங்கள், சாவியும் அங்கேயே இருக்கட்டும். இதை நான் சொன்னபோது மச்சான், "அவன் அப்படிப்பட்டவன் இல்ல" என்று கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அது போதும்.

வீட்டில் முதலில் நிறுத்த வேண்டியது

கதவை உடைக்காதீர்கள். தாழ்ப்பாளைக் கழற்றாதீர்கள். நெட்டை அறுக்காதீர்கள். சித்தப்பா, பெரியப்பாவைக் கூட்டிவந்து வரிசையாக உட்காரவைத்து அறிவுரை சொல்லவைக்காதீர்கள். அடுத்த வீட்டுப் பையன் பெங்களூரில் வாங்கும் சம்பளத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாகப் பேசாதீர்கள், சுவர் எல்லாவற்றையும் உள்ளே விடும்.

பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான்காவது மாதம், ஓசூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம் என்று அவனைக் காரில் ஏற்றினோம். யோசனை என்னுடையதுதான். கார் ஒரு மனநல கிளினிக் வாசலில் நின்றது. போர்டைப் படித்தான். ஒரு வார்த்தை பேசவில்லை, இறங்கவும் இல்லை. திரும்பி வந்து கதவைச் சாத்தியவன் அதற்கப்புறம் ஏழு வாரம் என்னோடு பேசவில்லை. சாத்திய கதவை நான் இன்னொரு சுற்றுப் பூட்டிவிட்டு வந்தேன்.

அப்போ என்னதான் செய்வது? கேள்வி கேட்காத பேச்சு. "இன்னிக்கு மழை வரும் போல", "நாய் குட்டி போட்டிருக்கு, நாலு" என்கிற மாதிரி பதில் எதிர்பார்க்காத வார்த்தைகள். சாப்பாட்டைச் சாக்காக வைத்து மிரட்டாமல், வேளைக்கு வைத்துவிட்டு வருவது. அக்கா களியும் கீரைக்குழம்பும் செய்கிற அன்று தட்டு காலியாக வரும், இட்லி வைத்த அன்று பாதி திரும்பும். அதைக் கவனித்து அவள் வாரத்தில் மூன்று நாள் களி போட்டாள். அவனோடு பேசாமலே அவள் பேசியது அப்படித்தான்.

நான் செய்தது ஒன்று. சார்ஜ் ஏறாத ஒரு பழைய போனும் ஸ்க்ரூடிரைவர் செட்டும் அவன் கதவுக்கு வெளியே வைத்து, "டேய், இது எனக்குப் பிடிபடல, டைம் இருந்தா பாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது. எங்கம்மா கூட்டும்போது தள்ளிவைத்தார். பத்தாம் நாள் போன் காணோம். அடுத்த வாரம் வெளியே வந்தது, ரிப்பேர் ஆகாமல். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "ஐ.சி. போயிடுச்சு மாமா." கார் சம்பவத்துக்குப் பிறகு அவனிடமிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். எனக்கும் தெரியும், போர்டில் இருக்கும் அந்தச் சிப் போனது என்று. உங்கள் வீட்டில் அது போனாக இருக்க வேண்டியதில்லை, ஏதாவது ஒன்று இருக்கும். ஆனால் வேலை வாங்கும் தந்திரமாக அதைச் செய்யாதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு தாள் எழுதுங்கள்

மருத்துவரிடமோ போனிலோ பேசப்போகும் முன் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது. தூங்கும் நேரம், சாப்பாடு, குளியல். கடைசியாக வெளியே போனது எப்போது, எதற்கு. அவன் சொன்ன வார்த்தைகள், நீங்கள் புரிந்துகொண்ட மாதிரி இல்லாமல் அவன் சொன்னபடியே. வீட்டில் வேறு யாருக்காவது மனநலக் கோளாறோ தற்கொலையோ இருந்ததா. என்ன மருந்து சாப்பிடுகிறான். அக்கா எழுதிய தாளில் மூன்றாவது வரி, "ஜன்னலைத் திறப்பதில்லை". அதை மருத்துவர்தான் கோடு போட்டு, "எந்தப் பக்கம் பார்க்கிற ஜன்னல்?" என்று கேட்டார். ஃப்ளெக்ஸ் விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது.

அவன் இல்லாமல் நீங்கள் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். "அவன் வரமாட்டேங்கிறான், என்ன பண்றது" என்று சொல்லியே எங்கள் வீட்டில் ஐந்து மாதம் போயிற்று. அவன் வர வேண்டியதில்லை. ஜப்பானில் இதற்கென்று வகுத்த அரசு வழிமுறையிலும் முதல் கட்டம் குடும்பத்துக்கு உதவுவதுதான். அந்தப் பிள்ளையை நேரில் பார்ப்பது அதற்கப்புறம்.

வீட்டில் இருந்தபடியே தொடங்கலாம். 14416, டெலி மனஸ் என்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவை. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்று பெயர். கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். 1800 891 4416 என்ற எண்ணும் அதுவே. வாய் வராது என்று தெரியும், அதனால் முதல் வாக்கியத்தைத் தருகிறேன்: "என் பையனுக்கு இருபது வயசு, எட்டு மாசமா ரூமை விட்டு வர்றதில்ல, டாக்டர்கிட்ட வரமாட்டேங்கிறான், நாங்க எப்படி நடந்துக்கணும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்." அதற்குமேல் அவர்களே கேட்பார்கள். எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவன் தட்டுக்குப் பக்கத்திலும் ஒருமுறை வையுங்கள், ஒருமுறை போதும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் பார்க்காமல் பேச முடியும் என்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி.

நேரில் என்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மனநலப் பிரிவு என்று கேட்டு ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும், காலையிலேயே போய்விடுங்கள். இவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருவார். அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று உங்களுக்குப் பக்கத்தில் உள்ள மருத்துவமனையில் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு போங்கள், சும்மா போய்த் திரும்பாதீர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை கைக்கெட்டும் தூரம், ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. போன், கேம் பழக்கத்துக்கென்று அங்கே 2014 முதல் "ஷட்" என்ற தனிப் பிரிவே நடக்கிறது.

காசு ஒரு தடை. பொய்யில்லை, ஒரு நாள் கூலி போகும். ஆனால் அரசு மருத்துவமனையில் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம், அம்மாக்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் இல்லை. அக்கா முதல் மூன்று முறை தனியாகத்தான் போனாள். பிள்ளையைப் பார்க்காமல் மருந்து எழுத மாட்டார்கள். ஆனால் வீட்டில் எதை நிறுத்த வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். மூன்றாவது முறை போய்வந்த பிறகு அவளுக்கே ராத்திரியில் தூக்கம் வந்தது. அதையும் ஒரு சிகிச்சையாகவே நான் கணக்கு வைக்கிறேன்.

குறுக்கே வரும் பேச்சு

தேசிய மனநலக் கணக்கெடுப்பை நிம்ஹான்ஸ் 2015–16-இல் நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒரு மாநிலம். நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வராமல் இருந்தார்கள். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்தால் தெரியும்.

"கவர்மெண்டு வேலைக்குப் போகும்போது தெரிஞ்சா?" இதுதான் படித்த வீட்டுப் பயம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 முதல் நடப்பில் இருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது நோயாளியின் உரிமை என்கிறது. ஆபத்துக் காலம், நீதிமன்ற உத்தரவு மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. ஓ.பி. சீட்டு உங்கள் பையிலேயே இருக்கும், அது யார் மேசைக்கும் தானாகப் போகாது.

"தங்கச்சிக்கு யார் பொண்ணு கேப்பாங்க?" இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. நான் மச்சானிடம் சொன்னது: ஒரு வருடமாக வெளியே வராத அண்ணன் இருப்பது ஊருக்கு இப்பவே தெரியும்; ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் தெரியும் என்று நினைப்பது நாம் மட்டும்தான்.

"செய்வினை, காத்து பிடிச்சிருக்கு." அம்மா கோவிலுக்குப் போய் மந்திரித்த கயிறு வாங்கி வந்தார். அவனும் கட்டிக்கொண்டான். மருத்துவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். "கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்" என்றார். சாமியையும் டாக்டரையும் சண்டைக்கு விட வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் மிளகாய்ப் புகை, பிரம்படி, பட்டினி, சங்கிலி என்று பேச்சு வந்தால் அங்கே நில்லுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று மேலே சொன்ன சட்டம் தடுக்கிறது.

"ஷாக் வெச்சிடுவாங்க, ஒரேயடியா படுக்கவெச்சிடுவாங்க." சினிமா பார்த்து வந்த பயம். ஓ.பி.க்கு வரும் பெரும்பாலானோர் பேசிவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே பஸ் ஏறுகிறவர்கள்.

அவனை அழைத்துப் போகும் நாள்

நேராகச் சொல்லுங்கள். "நானும் அம்மாவும் ஒரு டாக்டரைப் பாக்கறோம், மனநல டாக்டர். உன்னையும் பாக்கணும்னு சொல்றார். நீ எப்ப ரெடின்னு சொல்றியோ அப்பப் போலாம்." முதல் தடவை இல்லை என்பான், இரண்டாம் தடவையும் இல்லை என்பான். எங்கள் வீட்டில் ஐந்தாவது தடவை ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான்: காரில் வேண்டாம், மாமா பைக்கில். எனக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது.

சின்னச் சின்ன முடிவுகளை அவனிடம் விடுங்கள்: எந்த நாள், யார் கூட, மாஸ்க் போட்டுக்கொள்வதா. கூட்டத்தில் நிற்க முடியாதவன் என்றால் ஒருவர் வரிசையில் நிற்க, அவன் மரத்தடியில் இருக்கட்டும். முறை வந்ததும் போன் செய்தால் போதும். உள்ளே போனதும் கொஞ்ச நேரம் நீங்கள் வெளியே இருங்கள், அவன் தனியாகப் பேசட்டும். உள்ளே என்ன சொன்னான் என்று திரும்பும் வழியில் கேட்காதீர்கள்.

பதினெட்டு ஆனவன் என்றால் சிகிச்சைக்குச் சம்மதிப்பது அவன் உரிமை. உயிருக்கு ஆபத்து மாதிரியான நிலைக்குச் சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. அதை முடிவு செய்வது மருத்துவர்கள், சித்தப்பா இல்லை.

தைராய்டு, ரத்தசோகை மாதிரி உடம்புக் கோளாறுகளும் ஆளைச் சுருட்டிப் போடும். அதனால் ரத்தப் பரிசோதனை எழுதினால் "மனசுக்கு எதுக்கு ரத்தம்" என்று விட்டுவிடாதீர்கள்.

கூட்டத்தில் ஐந்து நிமிடம்தான் கிடைத்தது என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் அந்தத் தாள். பேசுவதற்கு உளவியலாளரோ ஆற்றுப்படுத்துநரோ இருக்கிறார்களா, எந்த நாள் என்று கேட்டு வாங்குங்கள். மனநல மருத்துவர் மருந்து தருபவர், உளவியலாளர் பேசிப் பயிற்சி கொடுப்பவர், பல பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.

மாத்திரைக்குப் பிறகு

மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், சிலருக்கு ஆறு வாரமும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி மட்டும் வரும், பலன் தெரியாது. அங்கேதான் பாதிப் பேர் நிறுத்திவிடுவோம். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்த ஆரம்ப வாரங்களில் படபடப்போ சாவு எண்ணமோ கூடுகிறதா என்று கவனமாகப் பாருங்கள், கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மாத்திரைப் பட்டையை அவன் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் அம்மா வைத்திருக்கட்டும். "இது பழக்கமாயிடுமா?" என்று எல்லோரும் கேட்பார்கள், மனச்சோர்வு மாத்திரைகள் போதை மாதிரி ஏங்கவைப்பதில்லை. தூக்க மாத்திரையும் படபடப்புக்கான சில மாத்திரைகளும்தான் பழக்கமாகும், அதனால் அவற்றைச் சொன்ன நாட்களுக்கு மேல் மருந்துக் கடையில் வாங்காதீர்கள்.

கொஞ்சம் தெளிந்ததும் வேலைக்குத் தள்ளாதீர்கள். அவன் முதலில் மொட்டை மாடிக்கு வந்தான். அப்புறம் விடியக்காலை ஆள் இல்லாத நேரத்தில் ஏரிக்கரை வரை. ஒரு நாள் மாரண்டஅள்ளி வரை போய் முடி வெட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்கு அக்கா எதுவும் சொல்லாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நடுவில் மூன்று வாரம் மறுபடி கதவு சாத்தியது, ஒரு சொந்தக்காரர் அரியர் எத்தனை என்று கேட்டதில். மறுபடி தொடங்கினோம். கோழிக்கூண்டுக்குத் தகரம் வாங்கிக் கொடுத்து அந்த ஃப்ளெக்ஸை எடுத்துவந்தது மச்சான். அதை என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அவன் என் கடைக்கு வருகிறான். வாடிக்கையாளர் இருந்தால் வரமாட்டான். ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கியதும் குனிந்து உள்ளே வந்து, பத்து மணி வரை போர்டு வேலை பார்த்துவிட்டுப் போகிறான். போன வாரத்திலிருந்து நான் ஏழரைக்கே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறேன்.